பாதியில் நிற்கும் குயில்ட்: முடிப்பதா, சுருக்குவதா, கொடுத்துவிடுவதா?

“பெட்டகத்தில நாலு குயில்ட் பாதியில கிடக்கு ஆச்சி. எதை எடுத்து முடிக்கிறது, எதை விட்டுடுறது?” காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெண்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. சிலர் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோலத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்க வேண்டியதே இல்லை. குயில்ட் என்பது துண்டுத் துணிகளைச் சேர்த்து மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை, பல படிகள் உள்ள வேலை. துணியை வெட்டிக் கட்டம் கட்டமாகத் தைத்து மேல்துணியைச் சேர்க்க வேண்டும். நடுவில் பஞ்சு விரிப்பும் கீழே அடித்துணியும் வைத்து, அடுக்குகள் நகராமல் தற்காலிகமாகப் பெரிய தையலில் நூலோட்ட வேண்டும். மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டு, கடைசியில் ஓரப் பட்டி வைக்க வேண்டும். இடையில் ஒரு கல்யாணம், ஓர் அறுபதாம் கல்யாணம், பிள்ளைகளின் அரையாண்டுப் பரீட்சை, மாமியாரோடு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் என்று வந்தால் எந்தப் படியிலும் வேலை நின்றுபோகும்.

நம் ஊரில் மனதை உறுத்த இன்னொரு காரணமும் உண்டு: கண்டாங்கி. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை கெட்டியான பருத்தி. அகலக் கரை, பெரிய கட்டங்கள், செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று பார்த்தவுடன் தெரியும். அப்பத்தா கட்டிய கண்டாங்கி நைந்துபோனாலும் எடுத்துப் போட மனம் வராது. போர்வையாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று கத்தரி வைக்கிறோம். அதன்பிறகு வேலை நின்றுவிட்டால், கட்டவும் முடியாது, போர்த்தவும் முடியாது. கடையில் வாங்கிய துணி பாதியில் கிடப்பதும் இதுவும் ஒன்றல்ல.

என்ன செய்யலாம் என்பதற்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாவற்றுக்கும் ஒரே வழியைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தாலே, அந்தத் துணிக்கு எது ஏற்ற வழி என்பது பாதி தெரிந்துவிடும்.

## முதலில் வெளியே எடுத்துப் பிரியுங்கள்

ஒரு பகல் பொழுதில் எல்லாவற்றையும் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், கொண்டுவந்து விரியுங்கள். கறுப்புக் கண்டாங்கியில் கறுப்பு நூல் தையல் எங்கே முடிந்திருக்கிறது என்று டியூப்லைட்டில் தெரியாது, வளவு வெளிச்சத்தில் தெரியும். நாலு குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், கட்டங்கள் மட்டும் தைத்தவை. இரண்டாவது, மேல்துணி முழுதாகச் சேர்ந்தவை. மூன்றாவது, மூன்று அடுக்கும் வைத்து நூலோட்டியோ ஊக்குக் குத்தியோ நிற்பவை. நான்காவது, ஓரப் பட்டி மட்டும் பாக்கி உள்ளவை.

இந்த நாலில் அவசரம் மூன்றாவதற்குத்தான். ஊக்குக் குத்தி மடித்து வைத்த குயில்ட் ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் இருந்தால் ஊக்குகள் துருப்பிடிக்கும். துருக்கறை துணியில் இறங்கிவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு. மடித்த இடத்தில் பஞ்சு அழுந்தி நிரந்தரக் கோடு விழும். அதனால் இந்தக் குவியலில் உள்ளதை உடனே தைக்க முடியாவிட்டாலும், ஊக்குகளை எடுத்துவிட்டு நூலால் பெரிய பெரிய தையலாக ஓட்டி, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். நூல் எத்தனை மழைக்காலம் வேண்டுமானாலும் துருப்பிடிக்காமல் நிற்கும்.

முதல் இரண்டு குவியலும் காத்திருக்கும். ஒரு நிபந்தனை, அவற்றில் கஞ்சி இருக்கக் கூடாது. வெட்டுவதற்கு வாகாக இருக்கும் என்று கஞ்சி போட்டு அயர்ன் செய்த துணியை அப்படியே பெட்டகத்தில் வைத்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. அதற்கு மாவுச்சத்து என்றால் உயிர். அந்துருண்டையை நம்பிக் கஞ்சித் துணியை வைப்பதைவிட, அலசிக் காயவைத்துப் பழைய வேட்டியில் சுற்றி வைப்பது மேல்.

நான்காவது குவியலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், உட்கார்ந்து முடித்துவிடுங்கள். 60-க்கு 84 அங்குலப் போர்வையின் சுற்றளவு 288 அங்குலம். மூலை திருப்பவும் முனை சேர்க்கவும் கூடுதலாக 12 வைத்தால் 300. 44 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டி எட்டு வெட்டினால் போதும், அதாவது 20 அங்குலத் துணி. இவ்வளவுக்காகத்தான் அது வருஷக்கணக்கில் பெட்டகத்துக்குள் கிடக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நேரம் எவ்வளவு என்பதைவிட அது எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கும் வீடும் உண்டு, குக்கர் விசில்களுக்கு நடுவே இருபது இருபது நிமிஷமாகக் கிடைக்கும் வீடும் உண்டு. இரண்டுக்கும் ஒரே வழி ஒத்துவராது.

அடுத்தது இடம். செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வீட்டுக்குள் விசாலமான இடங்களான பட்டாலையிலோ இரண்டாங்கட்டிலோ ஒரு பெரிய போர்வையை முழுசாகத் தரையில் விரித்து நூலோட்ட முடியும். நகரத்து அடுக்குமாடியில் கட்டிலை நகர்த்தினால்தான் அதற்கு இடம். ஆனால் அந்த இடம் எப்போதும் நம் கையில் இருக்காது. முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, திருவிழா, கல்யாணம் என்று பங்காளிகள் வந்து இறங்கினால் விரித்ததைச் சுருட்டத்தான் வேண்டும்.

இனி செய்ய வேண்டிய செலவை மட்டும் கணக்கில் எடுங்கள். துணிக்கு ஏற்கெனவே கொடுத்த காசு முடித்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. அப்புறம் யாருக்கு, எந்தத் தேதிக்குள் என்பது. தேதி உள்ளதும் தேதி இல்லாததும் ஒரே தட்டில் நிற்காது.

கடைசியாக ஒன்று, இதற்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுக்கிறேன்: எந்த வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறது? நிறம் சேர்த்துக் கட்டம் தைப்பதில் உயிரையே விடுகிறவர்கள் சிலர், ஓட்டுத்தையல் என்றால் ஓடிவிடுவார்கள். கையில் ஊசியோடு வரிசை வரிசையாகப் போவதில் நிம்மதி காண்கிறவர்கள் சிலர், அளந்து வெட்டுவது என்றால் தலைவலி என்பார்கள். உங்கள் பெட்டகத்தில் நிற்பவை எல்லாம் ஒரே படியில் நிற்கின்றன என்றால் அந்தப் படியைத்தான் உங்களுக்குப் பிடிக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

## வழி 1: ஒன்றை எடுத்தால் முடியும்வரை அது மட்டும்

நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பவர்களுக்கும், தேதி உள்ள வேலைக்கும் இதுதான் சரி. தை மாதம் பேரன் பிறக்கப்போகிறான் என்றால் மற்றதை எல்லாம் பெட்டகத்தில் பூட்டிவிட்டு அதையே தைக்க வேண்டும். தினமும் எங்கே விட்டோம், எந்த நூல், எந்த ஊசி என்று தேட வேண்டியதில்லை. கையும் ஒரே அளவுத் தையலுக்குப் பழகிவிடும். முதல் வரிசையும் கடைசி வரிசையும் ஒரே மாதிரி இருப்பது இந்த வழியில்தான்.

மறைந்திருக்கும் செலவு, சலிப்பு. பெரிய போர்வை ஒன்றையே மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தால் ஊசியை எடுக்கவே கை வராது. அது நின்றால் அதோடு எல்லாமே நிற்கும். இன்னொன்று பருவம். சித்திரை வெயிலில், அதுவும் கத்திரி நாட்களில், பஞ்சு வைத்த போர்வையை மடியில் போட்டுக்கொண்டு தைப்பது முடியாத காரியம். காரைக்குடி வெயில் தெரிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

## வழி 2: இரண்டு மூன்றை மாற்றி மாற்றி, தினம் கொஞ்சம்

இருபது நிமிஷக்காரர்களுக்கு இதுதான் வழி. நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்புக்குத் திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 இழை சேர்ப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். அன்றன்றைக்கு ஓர் இழை எடுத்து வைப்பது யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. அந்தப் பழக்கத்தை ஊசிக்கும் கொண்டுவரலாம்.

கணக்கைப் பாருங்கள். 60-க்கு 84 அங்குலப் போர்வையில் மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே ஓட்டுத்தையல் போட்டால் 27 வரிசை வரும். ஒவ்வொன்றும் ஐந்து அடி நீளம். நாளுக்கு ஒரு வரிசை என்றால் ஒரு மாதத்துக்குள் முடியும். ஒரு வரிசைக்கு அரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம்தான். நாலைந்து வருஷமாக நிற்கும் வேலைக்குள் இருப்பது இவ்வளவுதான் என்று தெரியும்போது பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

மாற்றி மாற்றிச் செய்வதில் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றும் ஓட்டுத்தையல் படியில் இருந்தால் மாற்றுவதில் பயன் இல்லை. ஒன்று கையால் தைப்பது, ஒன்று மிஷினில் கட்டம் சேர்ப்பது, ஒன்று கையில் எடுத்துப் போகக்கூடிய சின்ன வேலை என்று இருக்கட்டும். கையில் எடுத்துப் போவது இங்கே ரொம்ப உதவும். மதுரைக்கோ திருச்சிக்கோ போகும் பஸ்ஸிலும், டாக்டர் வீட்டு வாசலில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போதும் இரண்டு துண்டைச் சேர்த்துவிடலாம். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, அதற்கான நூல், ஊசி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய சீட்டு எல்லாம் அதிலேயே இருக்கட்டும். இந்தச் சீட்டு இல்லாவிட்டால், இருபது நிமிஷத்தில் பத்து நிமிஷம் யோசிப்பதிலேயே போய்விடும்.

மறைந்த செலவு, எல்லாமே பாதியாகவே தெரிவது. மாதங்கள் கழிந்தும் ஒன்றுகூட முடியாததால் மனம் சோரும். மூன்றுக்கு மேல் சுழற்றக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். நாலாவது ஒன்று உள்ளே வர வேண்டுமானால் ஒன்று முடிந்து வெளியே போக வேண்டும்.

## வழி 3: இருப்பதை வைத்துச் சின்னதாக முடிப்பது

முதல் குவியலுக்கு நான் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். ஒற்றைக் கட்டிலுக்கு 12 அங்குலக் கட்டங்கள் 35 தேவை என்று திட்டம் போட்டிருப்பீர்கள். தைத்தது 12 என்றால் நாலுக்கு மூன்றாக அடுக்குங்கள், 48-க்கு 36 அங்குலத்தில் ஒரு குழந்தைப் போர்வை வந்துவிட்டது. ஒன்பது இருந்தால் 36 அங்குலச் சதுரம், தொட்டில் பிள்ளைக்குக் கீழே விரிக்கலாம். நாலே நாலு என்றால் ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் இரண்டு அங்குலக் கரை வைத்து 16 அங்குலக் குஷன் உறை நாலு. முகப்பு ஊஞ்சலில் அந்த நாலு உறையும் கிடந்தால் வருகிறவர்கள் கேட்காமல் போக மாட்டார்கள்.

இரண்டாவது குவியலையும் இப்படிப் பார்க்கலாம். சேர்ந்து முடிந்த மேல்துணிக்குப் பஞ்சு வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. நம் வெயிலுக்குக் கனமான பஞ்சுப் போர்வை எத்தனை நாள் பயன்படும்? நடுவில் வீட்டில் இருக்கும் பழைய எட்டு முழ வேட்டியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, கரையோடு கரை சேர்த்துப் போட்டால் ஏறக்குறைய 70-க்கு 100 அங்குலம் கிடைக்கும். 60-க்கு 84 மேல்துணிக்குச் சுற்றிலும் விளிம்பு விட்டும் இது போதும். பலமுறை துவைத்த வேட்டி என்பதால் இனிமேல் சுருங்காது. பாலியெஸ்டர் பஞ்சு போலச் சூட்டைப் பிடித்து வைக்காது. கையால் தைக்க ஊசியும் வழுக்கிக்கொண்டு போகும். அடித்துணிக்குப் பழைய பருத்திச் சேலை ஒன்றைப் பாதியாக வெட்டிப் பக்கவாட்டில் சேர்த்தால் போதும். புதுச் செலவு நூல் மட்டும்தான்.

கட்டமே சேராமல் ஒழுங்கற்ற துண்டுகளாகக் கிடந்தால் என்ன செய்வது? இதற்குக் கர்நாடகத்து உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி எனக்கு மிகவும் பிடித்த பதில். அவர்கள் மேல்துணி என்று தனியாக ஒன்றைத் தைப்பதில்லை. அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்து, எல்லா அடுக்கையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். கட்டம் சேர்ப்பது, ஓட்டுத்தையல் இரண்டும் ஒரே வேலையாக நடந்துவிடுகிறது. அளந்து வெட்டுவதில் சலித்துப்போனவர்கள் ஒருமுறையாவது செய்து பாருங்கள். கண்டாங்கித் துண்டுகளின் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் இந்த முறையில் ஒன்றை ஒன்று தூக்கிக் கொடுக்கும்.

மறைந்த செலவுகள் இரண்டு. முதலாவது சாயம். புதுக் கண்டாங்கி, அதுவும் அடர்சிவப்பும் கறுப்பும், முதல் சில துவைப்பில் சாயம் விடலாம். துவைக்காத துணியில் கட்டம் தைத்திருந்தால், முடிப்பதற்கு முன்பு ஒரு ஈர வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வெளிர் நிறக் கட்டங்களோடு சேர்க்காதீர்கள், அடர் நிறங்களை மட்டும் தனியாக ஒரு சின்ன விரிப்பாக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள், அதை நம்பி ஒரு போர்வையைப் பணயம் வைக்க வேண்டாம். இரண்டாவது, நைந்த துணி. பழைய சேலையின் நடுப்பகுதி வெளிச்சத்தில் பிடித்தால் வலை போலத் தெரியும். அதற்குப் பின்னால் அயர்ன் செய்தால் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் வைக்காமல் தைத்தால், புதுத் துணி இழுத்த இழுப்பில் தையல் ஓரத்திலேயே கிழியும்.

## வழி 4: வெளியில் கொடுத்து முடிப்பது

இதில் மூன்று விதம். பக்கத்துத் தையல்காரரிடம் கொடுப்பது, சென்னை மாதிரி ஊரில் லாங் ஆர்ம் மிஷின் (குயில்டுக்கு ஓட்டுத்தையல் போடும் பெரிய மிஷின்) வைத்திருப்பவருக்கு அனுப்புவது, கைத்தையல் தெரிந்த ஊர்ப் பெண் ஒருவருக்குக் கூலி கொடுத்துத் தைக்கச் சொல்வது.

தையல்காரர் பக்கத்திலேயே இருப்பார், கூலியும் தாங்கும். ஆனால் அவர் மிஷின் ஜாக்கெட்டுக்கும் பேன்ட்டுக்கும் ஏற்றது. அதன் பல் கீழ்த்துணியை வேகமாக இழுக்கும், மேல்துணி பின்தங்கும், அடியில் சுருக்கம் விழும். நெருக்கமாக நூலோட்டிக் கொடுத்தால் இது குறையும். ஓர் அடிச் சதுரத்தில் மூன்றடுக்கையும் வைத்து ஒரு மாதிரி தைத்துக் காட்டச் சொல்லுங்கள். நேர்க்கோடுகள் மட்டும் போதும், தையல் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் கொண்டுபோகாதீர்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நேரமும் அப்படித்தான். அவருக்கு அப்போது மூச்சு விட நேரமிருக்காது, நம் போர்வை மூலையில் கிடந்து அழுக்காகும்.

லாங் ஆர்ம் மிஷினில் அழகழகான வளைவுகள் வரும். 2019 ஜனவரியில் சென்னையில் நடந்த இந்திய குயில்ட் விழாவுக்குப் பிறகு இங்கேயும் அதைக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். கூலி சதுர அங்குலக் கணக்கில் வரும். 60-க்கு 84 என்றால் 5040 சதுர அங்குலம், ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு ரூபாய் சொன்னாலே 5040 ரூபாய் ஆகிவிடும். கூரியர் தனி. அந்த மிஷினில் மூன்று அடுக்கையும் தனித்தனியாகத்தான் ஏற்றுவார்கள் என்பதால் நூலோட்டியது வேண்டாம், அடித்துணி ஒவ்வொரு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். ஆக, மூன்றாவது குவியலில் உள்ளதை அனுப்ப வேண்டுமானால் முதலில் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். இரண்டாவது குவியலுக்குத்தான் இது பொருந்தும்.

மூன்றாவது விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓலைக் கொட்டான் கூடை முடைந்து பழகிய விரல்கள் உள்ள ஊர் இது. கைவேலைக்கு நிதானமும் கண்ணும் உள்ள பெண்கள் இங்கே இருக்கிறார்கள். போர்வைக்கு இவ்வளவு என்று பேரம் பேசாமல், மணிக்கணக்கில் கூலி பேசுங்கள். பதின்மூன்றரை மணி நேர வேலைக்கு என்ன கொடுப்பது நியாயம் என்று உங்களுக்கே தெரியும். அவர் தையல் உங்கள் தையல் மாதிரி இருக்காது. பாதி உங்கள் கை, பாதி அவர் கை என்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அது உறுத்தும் என்றால் ஒரு முழுப் போர்வையை அவரிடம் கொடுங்கள், பாதி தைத்ததைக் கொடுக்காதீர்கள்.

## வழி 5: விட்டுவிடுவது

இதைச் சொன்னால் சிலருக்குக் கண் கலங்கிவிடுகிறது. ஆனால் சில வேலைகளுக்கு இதுதான் சரியான வழி. யாருக்காகத் தொடங்கினோமோ அவர்களுக்கு அது இனித் தேவைப்படாது, நிறம் பிடிக்கவில்லை, எடுக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது என்றால் அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிடலாம். கட்டம் தைக்கப் பிடித்தவர், ஓட்டுத்தையலுக்கு ஏங்குகிறவரிடம் கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை. கொடுக்கும்போது நூல், மிச்சத் துணி, அளவு எழுதிய சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள், திரும்பக் கேட்காதீர்கள்.

குடும்பச் சேலையை வெட்டித் தொடங்கியது என்றால் மட்டும் ஒரு நாள் பொறுங்கள். அந்தச் சேலைக்கு உங்களைப் போலவே உரிமை உள்ள அக்காள், தங்கை, நாத்தனார் இருப்பார்கள். ஒரு போன் போட்டுக் கேளுங்கள். யாராவது ஒருவர் எனக்கு வேண்டும் என்பார். இல்லாவிட்டால் கரையை மட்டும் ஒரு சாண் வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு மீதியைத் தாராளமாக விடலாம். இதைச் செய்யாமல் கொடுத்துவிட்டுப் பிறகு வரும் மனத்தாங்கல்தான் இந்த வழியின் பெரிய செலவு.

## ஒரே பார்வையில்

| வழி | நேரம் | கைச்செலவு | மறைந்த செலவு | எதற்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| ஒன்று மட்டும் | சேர்ந்தாற்போல் வேண்டும் | குறைவு | சலிப்பு, வெயிலில் தடை | தேதி உள்ள வேலை, மூன்றாவது குவியல் |
| மாற்றி மாற்றி | இருபது நிமிஷமும் போதும் | குறைவு | முடிவு கண்ணில் படாமல் சோர்வு | தேதி இல்லாதவை, பயணத்தில் தைப்பவை |
| சின்னதாக்குவது | சில நாட்கள் | நூல் மட்டும் | சாயம், நைந்த துணி | முதல் குவியல், துண்டுத் துணிகள் |
| வெளியில் கொடுப்பது | அலைச்சல் மட்டும் | அதிகம் | சுருக்கம், கை வேறுபாடு, காத்திருப்பு | இரண்டாவது குவியல் |
| விட்டுவிடுவது | ஒரு நாள் | இல்லை | குடும்பத்தில் மனத்தாங்கல் | மனம் ஒட்டாதவை |

## பருவத்தோடு சேர்த்துப் பார்த்தால்

என்னைக் கேட்டால், இந்த ஊரில் ஒரே வழியில் வருஷம் முழுக்கப் போக முடியாது. மாசி கடந்தால் கனமான எதையும் மடியில் போடாதீர்கள். பங்குனியிலிருந்து ஆனிவரை கட்டம் தைப்பது, சின்னதாக்குவது, ஓரப் பட்டி வெட்டி வைப்பது என்று கைக்கு இலேசான வேலைகளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஆடி, ஆவணியில் வெயில் தாழ்ந்த நேரமாகப் பார்த்துப் பட்டாலையில் பெரியதை விரித்து நூலோட்டலாம். ஆத்தங்குடித் தரைக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கும் வீடாக இருந்தால் முதலில் ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டு அதன்மேல் விரியுங்கள், அடித்துணியில் எண்ணெய்க்கறை ஏறாது. ஐப்பசி மழை பிடித்த பிறகு, நூலோட்டிய அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தினம் ஒரு வரிசை. மார்கழியில் அதிகாலைக் குளிருக்கு மடியில் கிடக்கும் போர்வையே இதமாக இருக்கும், கை நிற்காது. தையில் ஓரப் பட்டி.

தேதி உள்ள வேலை இந்த வரிசையைக் கலைக்கத்தான் செய்யும், கலைக்கட்டும். பிள்ளைப்பேறு பருவம் பார்த்து வருவதில்லை. வெயில் காலத்தில் பிறக்கும் குழந்தைக்கு நடுவில் வேட்டி வைத்த 36 அங்குலச் சதுரமே போதும்.

இவ்வளவுக்கும் நடுவே புதிதாக ஒன்றைத் தொடங்கலாமா என்றும் கேட்கிறார்கள். மூன்றாவது குவியல் காலியாக இருந்தால் தொடங்குங்கள். துணி வெட்டும் அன்றைக்கே நடுவுக்கு வேட்டி, அடித்துணிக்குச் சேலை, ஓரப் பட்டிக்கு 20 அங்குலத் துணி, மூன்றையும் எடுத்து அதே பையில் போட்டு வையுங்கள். என்னிடம் கொண்டுவந்து காட்டப்படும் மேல்துணிகளில் பல, அடித்துணிக்கு என்ன போடுவது என்று யோசித்த இடத்தில் நின்றவை.